தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தும் பேட்டரி ஏன் இறங்குகிறது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2019-ல் வாங்கிய பெட்ரோல் கார், கியர் வண்டி. ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்வருவதோடு சரி. பேட்டரி இறங்கக் கூடாதென்று தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். சென்னையில் மகள் வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம்தான். பேட்டரி மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மெக்கானிக் புதுசு போடச் சொல்கிறார். எதிர்வீட்டு லாரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: சார், முதலில் அந்த லாரி. வேண்டவே வேண்டாம். லாரியில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். உங்கள் கார் 12 வோல்ட். கொஞ்சம் தவறினாலும் காரின் கம்ப்யூட்டர் போய்விடும். அதன் விலைக்குப் பல பேட்டரிகள் வாங்கலாம்.

இன்னொரு கார் கிடைத்தால் தாராளமாகக் கேளுங்கள். சிவப்பு ஒயரை உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை அந்தக் காரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை அந்தக் காரின் மைனஸில் போடுங்கள். மிச்சமிருக்கும் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் போடாமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில் கடிக்கவிடுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியின் தலைமேல் ஹைட்ரஜன் வாயு நிற்கும். பொறி அங்கே விழுந்தால் வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். மற்ற காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் உங்கள் சாவியைத் திருப்புங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. கியர் வண்டி என்பதால் இரண்டாவது கியரில் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது.

சரி, தினமும் ஸ்டார்ட் செய்தும் ஏன் இப்படி ஆனது? பென்ஷன் கணக்கு மாதிரி வரவு செலவு போட்டுப் பார்ப்போம். உங்கள் பேட்டரியின் கொள்ளளவை 35 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம்; ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி. ஒரு ஸ்டார்ட்டுக்குச் செல்ஃப் மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் இழுக்கும். ஆனால் அது இரண்டு மூன்று விநாடிதான். அந்தக் கடனை ஐந்து நிமிட ஓட்டம் அடைத்துவிடும். அடையாதது வேறு கடன். பூட்டி நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கும். அவை 30 முதல் 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. ஸ்லோவில் ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர், நம்மூரில் டைனமோ என்றால்தான் புரியும், கொடுப்பதே குறைவு. அதிலும் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது சொற்பம். திருவந்திபுரம் ஐந்தாறு கிலோமீட்டர். வண்டி சூடாவதற்குள் கோயில் வந்துவிடும்.

இப்படியே மாதக்கணக்கில் உங்கள் பேட்டரி பாதி வயிற்றோடு கிடந்திருக்கிறது. அது நிறைந்திருந்தால் நீங்கள் இல்லாத பதினைந்து நாளில் 15 ஆம்பியர்-மணி போயும் பாதிக்கு மேல் மிச்சமிருந்து வண்டி கிளம்பியிருக்கும். பாதியில் நின்றதால் தரை தட்டிவிட்டது. பாதி சார்ஜில் நெடுநாள் கிடந்தால் தகட்டில் படியும் லெட் சல்பேட் இறுகிக் கல்லாகும். அது கெட்டியாவதற்குள் பிடித்துவிட்டால் பிழைக்கும்.

ஆகவே புதுசு வாங்க அவசரப்படாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, மைனஸ் முதலில், கடையில் கொடுத்து மூன்று மூன்றரை ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஸ்லோ சார்ஜ் போடச் சொல்லுங்கள். “ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன்” என்பவரிடம் கொடுக்க வேண்டாம். சார்ஜரை எடுத்ததும் அளக்காமல், ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மீட்டரைப் பிடிக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 12.2 பக்கம் சரிந்திருந்தால் பாதி சார்ஜுக்கு மேல் பிடித்துவைக்க முடியவில்லை என்று பொருள். சில நேரம் முள் நேராக 10.5-ல் போய் நிற்கும். ஆறு அறைகளில் ஒன்று படுத்துவிட்டது, அவ்வளவுதான்; ஒரு அறைக்கு 2.1 வோல்ட், கழித்துப் பாருங்கள். அதற்கு வைத்தியம் இல்லை.

பேட்டரி தேறினால் காரில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். 13.8-லிருந்து 14.5-க்குள் வந்தால் டைனமோ சரி. ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி “டைனமோ டெஸ்ட்” செய்பவர் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது; இன்றைய வண்டியில் வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக்ஸ் கருகும். டேஷ்கேம், ஜிபிஎஸ் என்று பின்னால் மாட்டியது ஏதாவது இருந்தால் பூட்டிய பிறகும் கரண்ட் இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மூருக்கென்று ஒரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் டெர்மினல் சீக்கிரமே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் கரண்ட் தாண்டாமல் இதே ‘டிக் டிக்’ வரும். சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, காயவைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கத்திரி வெயிலில் டிஸ்டில்டு வாட்டர் அளவும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் ஆகாது.

தானே புயலுக்குப் பிறகு, 2011 டிசம்பர் கடைசியில், ஊரே இருட்டில் கிடந்தபோது காரில் போன் சார்ஜ் போட்டே பேட்டரியைக் காலி செய்தவர்கள் நிறைய. போன் குடிப்பது கொஞ்சம்தான். சாவியை ஆன் நிலையில் வைத்துப் பாட்டும் விளக்கும் போட்டதுதான் குடித்தது.

இனி அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். அதில் ஆயிலும் சூடாகாது, சைலன்சரில் தண்ணீர்தான் தங்கும். வாரம் ஒருமுறை பாண்டி வரை போய் வாருங்கள். முடியாவிட்டால் பண்ருட்டி ரோட்டில் முக்கால் மணி நேரம். மறுபடி சென்னை போகும்போது மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வந்து மாட்டியதும் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒருவேளை மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழைய பில்லையும் வாரண்டி கார்டையும் தேடி எடுங்கள். இரண்டு வருடம் ஆகவில்லை என்கிறீர்கள். பல பேட்டரிகளுக்கு அது இலவசமாக மாற்றித் தரும் காலத்துக்குள் வரும். அந்தக் காலம் தாண்டியிருந்தால் பழசைக் கடைக்காரரிடமே கொடுத்து, ஈயத்துக்கான விலையைப் புதுசில் கழிக்கச் சொல்லுங்கள்.