டெக்னிக்கல் ரைட்டர் வேலையில் மனநிறைவோடு நீடிக்க என்ன செய்ய வேண்டும்?

"ஆங்கிலம் நன்றாக வரும், கோடிங் பிடிக்காது, டெக்னிக்கல் ரைட்டர் ஆகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆகலாம், மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு வழிகாட்டி எழுதும் வேலைதான் இது, ஆனால் ஆங்கிலத்தை மட்டும் நம்பி வராதீர்கள். டெவலப்பர் சொன்னதை அழகாக எழுதித் தருவதுதான் வேலை என்று நினைத்தால் சீக்கிரம் சலித்துவிடும். மென்பொருளை நீங்களே நிறுவி, அவர் சொன்ன ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள், மூன்றாவது படியில் 'அனுமதி இல்லை' என்று பிழை வந்து நிற்கும், ஏனென்றால் தன் கணினியில் அட்மின் உரிமை எப்போதோ கொடுத்து வைத்தது அவருக்கே மறந்திருக்கும். 'முதலில் அட்மின் உரிமை வேண்டும்' என்ற அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் அதே கேள்வியோடு சப்போர்ட்டுக்கு வரும் அழைப்புகள் குறையும் பாருங்கள், எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அதனால்தான்.

மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இரண்டும் அவசியம். கூகுள் இலவசமாகத் தரும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களையும் முடித்துவிடுங்கள். அப்புறம், ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) ஆவணம் எழுதும் அளவுக்காவது கோடு படிக்கப் பழகுங்கள், சம்பளம் அங்கேதான் ஏறுகிறது. சரி, அனுபவம் இல்லாமல் எதைக் காட்டுவது? நீங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் ஒன்றின் ரீட்மீ கோப்பை, அதாவது அதன் அறிமுகக் குறிப்பைத் திருத்தி, அந்தத் திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.