சாவி மாட்டிக்கொண்டதா, கியர் லீவர் நகரவில்லையா? ஆட்டோமேட்டிக் கார் கேள்வி-பதில்

கே: லீவர் பார்க்கில்தான் இருக்கிறது. ஆனாலும் சாவி லாக் வரை திரும்பவில்லை. இன்டர்லாக் கேபிளை (லீவர் பார்க்கில் இல்லாதபோது சாவி லாக்குக்குப் போகாமல் தடுக்கும் கேபிள்) மாற்ற வேண்டுமா?

ப: ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, லீவரைப் பார்க் பக்கம் அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் கேபிள் அறுந்திருக்காது, அட்ஜஸ்ட்மென்ட்தான் விலகியிருக்கிறது. திரும்பாவிட்டால் கன்சோலைக் கழற்றி, லீவர் பக்கத்து கேபிள் முனையை விடுவித்துக் கையால் இழுத்துத் தள்ளுங்கள். சிக்கிச் சிக்கி ஓடினால் கேபிள்தான் போயிருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஓடியும் சாவி மறுத்தால் சாவி நுழையும் இக்னிஷன் சிலிண்டரைப் பாருங்கள். சில கார்களில் கேபிளே கிடையாது, சாவித்துளை அருகே சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்னப் பூட்டு) இருக்கும். பார்ட்ஸ் வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்குப் போகும் ஷிப்ட் கேபிள் வேறு. கடையில் தவறுதலாக அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கே: பிரேக் மிதித்தும் லீவர் பார்க்கை விட்டு வரவில்லை.

ப: முதலில் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஃப்யூஸ், அடுத்து பெடல் மேலுள்ள பிரேக் சுவிட்ச். எரிந்தும் லீவரடியில் ‘டிக்’ சத்தம் இல்லையென்றால் லீவரைப் பார்க்கில் பூட்டி வைக்கும் ஷிப்ட் லாக் சோலனாய்டு அல்லது வயர். கன்சோலில் டீயோ கோலாவோ கொட்டியிருந்தால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். அவசரத்துக்குப் பல கார்களில் லீவர் அருகே சின்ன மூடி இருக்கும். பிரேக்கை மிதித்தபடி அதனுள் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் லீவர் வரும்.

கே: கேபிளை நானே மாற்றலாமா?

ப: ஸ்பேனர் பிடித்துப் பழக்கமிருந்தால் மாற்றலாம். லீவர் பார்க்கில் இருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக்குக்காக மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். பேட்டரி இல்லாமல் சோலனாய்டு வேலை செய்யாது. இடையில் லீவரை நகர்த்த மேலே சொன்ன மூடி வழிதான். கன்சோலையும் ஸ்டீயரிங் காலத்தின் கீழ்க் கவரையும் கழற்றுங்கள். பல மாடல்களில் சாவி ஆன் நிலையில் இருந்தால்தான் மேல் முனை கழன்று வரும். லாக்கில் வைத்து இழுத்தால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். பழைய கேபிளின் முனையில் மெல்லிய கம்பியைக் கட்டி இழுத்தால் புதியதுக்கும் அதே வழி கிடைக்கும். பெடலிலோ ஹீட்டர் பெட்டியிலோ உரசக் கூடாது, கூர்மையாக மடங்கவும் கூடாது. இரு முனையும் உட்கார்ந்த பிறகே, கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட்டை நிலைநிறுத்தும் அட்ஜஸ்டர் லாக்கை அழுத்துங்கள். அவசரப்பட்டு முன்னாடியே அழுத்துவதால்தான் புது கேபிள் போட்டும் சாவி மாட்டுகிறது.

கன்சோலை மூடும் முன் சோதனை: சாவி லாக்கில் இருந்தால் லீவர் நகரக் கூடாது. ஆன் நிலையில் பிரேக்கோடு நகர வேண்டும். ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் மூன்றிலும் சாவி லாக்குக்குப் போகக் கூடாது. பார்க்கில் கையோடு வர வேண்டும்.

கே: கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டால்?

ப: கார் ஓடும், அதுதான் ஆபத்து. லீவர் நியூட்ரலில் இருக்கும்போதே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். சரிவில் வண்டி தானே கிளம்பும். ஷிப்ட் லாக்கும் இதே மாதிரிப் பாதுகாப்புதான்: பிரேக் மிதிக்காமல் பார்க்கை விட்டு லீவர் வராதபடி வைப்பது அமெரிக்காவில் 2010 செப்டம்பர் 1 முதல் தயாரான கார்களுக்குச் சட்டம்.

கே: என்னுடையது ஏ.எம்.டி (மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்சும் கியரும் தானாக மாறும் வகை).

ப: பெரும்பாலான ஏ.எம்.டி கார்களில் பார்க் நிலையே இல்லை, அதனால் இந்தக் கேபிளும் இராது. கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போடுங்கள்.