மகளின் எழுத்தறிவு வகுப்பு ஆசை: ஓர் அப்பாவுக்குப் பதில்

பட்டப்படிப்பு முடித்ததும் பெரியவர்களுக்கும், பாதியில் படிப்பை விட்ட இளைஞர்களுக்கும் எழுதப் படிக்கச் சொல்லித் தரப் போகிறேன் என்கிறாள் உங்கள் மகள். "இது தொண்டா, வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பணம். வகுப்பெடுப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள், அல்லது சிறு மதிப்பூதியம் வாங்குபவர்கள். நிலையான சம்பளம் அடுத்த படியில்தான்: மையங்களை ஒருங்கிணைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, பாடநூல் தயாரிப்பது. அதற்குச் சமூகப்பணியிலோ வயதுவந்தோர் கல்வியிலோ முதுகலை கைகொடுக்கும். ஆனால் வகுப்பில் நிற்காமல் நேராக அந்தப் படிக்குப் போனவர்கள் தயாரிக்கும் பாடநூலை என்னால் நம்ப முடிவதில்லை.

சரி, வகுப்பில் அப்படி என்ன இருக்கிறது? படிக்கத் தெரியாத பெரியவர் அதை மறைக்கப் பல வருடம் பழகியிருப்பார். படிவத்தை நீட்டினால் "கண்ணாடியை மறந்துட்டேன்" என்பார். உளி பிடித்துக் காய்த்த கை பென்சிலை அழுத்தி முனையை உடைத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பார்த்தாரா என்றுதான் அவர் கண் முதலில் போகும். அந்த நேரத்தில் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் "சூப்பர்!" என்று சொல்லிவிட்டால், மறுநாள் ஆள் வரமாட்டார்.

பாடத்தையும் அவர் வாழ்க்கையிலிருந்தே எடுக்க வேண்டும். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் அதைத்தான் செய்தார். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்பு. செங்கல் போல அவர்கள் தினமும் புழங்கும் பொருளின் படத்தைக் காட்டிப் பேசவிட்டு, அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைகளை மாற்றிச் சேர்த்துப் புதுச் சொற்களை அவர்களையே உருவாக்க வைப்பது அவருடைய முறை. எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு அப்போது அங்கே வாக்குரிமை கிடையாது. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் அடைத்தது. எழுத்துச் சொல்லித் தருவதை 'சும்மா தொண்டு' என்று அந்த ராணுவம்கூட நினைக்கவில்லை, பாருங்கள்.

இப்போதே முதுகலைக்குப் பணம் கட்டாதீர்கள். அருகில் நடக்கும் ஏதாவது ஒரு மையத்தில் ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று மாலை அவள் வகுப்பெடுக்கட்டும். முதல் மாதத்திலேயே கூட்டம் குறையும். ஒருவருக்கு இரவு ஷிஃப்ட், இன்னொருவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வராதவரைத் தேடிப் போய் விசாரித்து, அவருக்குத் தோதாக வகுப்பு நேரத்தை மாற்றுகிறாளா என்று கவனியுங்கள். அப்புறம் அவளையும் அழைத்து வாருங்கள், எந்தப் படிப்பு என்று மூவருமாகப் பேசலாம்.