விடுதலைக்குப் பிறகு ஒரு கணக்குப் புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1865ல் அடிமைமுறை ஒழிகிறது, 1868ல் குடியுரிமை, 1870ல் வாக்குரிமை. அதற்குப் பிறகும் விடுதலையான கறுப்பினத்தவரில் பெரும்பாலானவர்கள் பழைய முதலாளிகளின் வயலில்தான் பருத்தி பறித்தார்கள் என்கிறீர்கள். விடுதலை கிடைத்ததும் கிளம்பிப் போயிருக்கலாமே? நாலு வருடம் உழைத்து நிலம் வாங்கியிருக்கலாமே? 40 ஏக்கர் தருவதாகச் சொன்னது என்ன ஆயிற்று? எல்லாவற்றுக்கும் இனவெறி என்று ஒரே பதில் போதுமா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

போதாது. இனவெறி இருந்தது, கையில் துப்பாக்கியோடு இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தை வருடக்கணக்காக ஒரே வயலில் நிறுத்திவைக்கத் துப்பாக்கியைவிடக் கடைக்காரரின் பற்றுக்கணக்கு அதிகம் உதவியது. இதைப் பற்றி நம்மிடையே பேச்சே கிடையாது.

முதலில் அந்த 40 ஏக்கர். 1865 ஜனவரி 16 அன்று வடக்கின் படைத்தலைவர் ஜெனரல் ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும், ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையிலான கரையோர நிலமும் விடுதலையானவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். நாலு நாள் முன்பு சவானா நகரில் 20 கறுப்பினப் போதகர்கள் அவரைச் சந்தித்து, எங்களுக்கு வேண்டியது நிலம் என்று சொல்லியிருந்தார்கள். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், கலகம் செய்த தோட்டக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவில் பயிரிட்டு வந்த மக்களிடம் இந்தச் செய்தியைச் சொல்ல அனுப்பப்பட்டவர், விடுதலையானவர்களின் நலனுக்காகவே ஏற்படுத்தப்பட்ட துறையின் தலைவர் ஜெனரல் ஹோவார்ட்.

ஆக, நிலம் ஒருவரிடம், உழைப்பு இன்னொருவரிடம். கூலி கொடுக்க ரொக்கம் யாரிடமும் இல்லை. போரில் தோற்ற தெற்கு மாநிலங்களின் நோட்டு செல்லாக்காசாகிவிட்டது, வங்கிகள் மூழ்கிவிட்டன. இந்த முட்டுச்சந்தில் பிறந்ததுதான் வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலில் பங்குக்கு உழுவது. நிலம், குடிசை, கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் நிலக்காரருடையது. விளைச்சலில் பாதி உழுதவருக்கு. நம்மூர் வாரம் மாதிரிதானே என்று தோன்றும். வித்தியாசம் ஊர்க் கடையில் இருந்தது.

மார்ச்சில் விதைத்தால் பருத்தி கைக்கு வர அக்டோபர் ஆகும். அதுவரை மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, துணி எல்லாம் கடனுக்கு. கடையில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை: ரொக்க விலை, கடன் விலை. ஈடு, இன்னும் முளைக்காத பயிர்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 15 ஏக்கர் பருத்தி, 5 பொதி, பொதிக்கு 500 பவுண்டு. மொத்தம் 2,500 பவுண்டில் பாதி 1,250. பவுண்டுக்கு 10 சென்ட் என்றால் 125 டாலர். வருடம் முழுக்கக் கடையில் எடுத்த பொருளின் ரொக்க மதிப்பு 90 டாலர். கடன் விலை 30 சதவீதம் கூடுதல் என்றால் பற்று 117. உரச் செலவில் உழுதவரின் பங்கு 8 டாலர். டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது கையில் மிஞ்சுவது பூஜ்யம். விலை 8 சென்டுக்கு இறங்கினால் 25 டாலர் கடன், அது அடுத்த வருடப் பயிரின் மேல் ஏறும். அந்த 30 சதவீதமும் சராசரியாக ஆறு மாதக் கடனுக்குத்தான். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 60. இத்தனைக்கும் கடைக்காரர் பொய்க்கணக்கு எழுதவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இதைப் போட்டேன்.

சோளம் போட்டுச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்திருக்கலாமே என்பீர்கள். கடைக்காரர் ஈடாக ஏற்றது உடனே விற்றுக் காசாக்கக்கூடிய பருத்தியை மட்டும். எல்லோரும் பருத்தி போட்டார்கள், விலை சரிந்தது. போரில் தெற்கின் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்தும் எகிப்திலிருந்தும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போகத் தொடங்கிய பருத்தியும் சந்தையை விட்டு முழுதாக விலகவில்லை. போர் முடிந்தவுடன் 30 சென்டைத் தாண்டியிருந்த விலை 1894ல் 5 சென்டுக்கும் கீழே போயிற்று.

சட்டம் இதற்குக் காவல் நின்றது. வாரத்துக்கு உழுபவருக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை, அவருடைய பங்கு வெறும் கூலி என்று ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1872ல் தீர்ப்பளித்தது. வட கரோலினாவில் 1877 சட்டப்படி, கணக்குத் தீரும்வரை மொத்த விளைச்சலும் நிலக்காரருக்குச் சொந்தம். அலபாமாவில் பொழுது சாய்ந்தபின் பருத்தி விற்பதே குற்றம். வேறு வியாபாரியிடம் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றுவிடக் கூடாதே! மிசிசிப்பியில் 1876 முதல் 10 டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலே பெருங்குற்றம்; தண்டனை பெற்ற கைதிகளைத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே குற்றத்துக்கான தண்டனைக்கு விதிவிலக்கு இருந்ததே.

கிளம்பிப் போகவும் முயன்றார்கள். அதைத் தடுக்க 1865லேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்றை ஒவ்வொரு ஜனவரியிலும் காட்ட வேண்டும், ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் அந்த வருடக் கூலி போச்சு. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு இதை முறியடித்தது. 1879ல் ஆயிரக்கணக்கானோர் மிசிசிப்பி ஆற்றின் வழியே கான்சாஸ் மாநிலத்துக்குப் புறப்பட்டார்கள்.

வாக்குரிமை இருந்த சில ஆண்டுகளில் இந்தச் சட்டங்களை எதிர்க்க சட்டமன்றங்களில் ஆள் இருந்தது. மேலே சொன்னவற்றின் தேதிகளைப் பாருங்கள்: மிக மோசமானவை பெரும்பாலும் கறுப்பினத்தவரின் அரசியல் பலம் உடைக்கப்பட்டபின் வந்தவை. லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873ல் நடந்த கறுப்பினத்தவர் படுகொலை அந்த உடைப்பின் ஒரு பகுதி. 1877ல் ஹேய்ஸ், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அதிபரானதும், தெற்கின் தலைமைச் செயலகங்களைக் காத்துநின்ற கடைசி மத்தியப் படைகளும் விலக்கப்பட்டன.

நிலம் வாங்கியவர்களும் இருந்தார்கள். தென் கரோலினா அரசு 1869ல் ஒரு நில ஆணையம் அமைத்துத் தோட்டங்களை விலைக்கு வாங்கி, துண்டு போட்டுத் தவணையில் விற்றது. ஊழல் நடந்தது, சில இடங்களில் உதவாத நிலத்தைக் கொள்ளை விலைக்கு ஆணையத்தின் தலையில் கட்டினார்கள். இருந்தும் பல குடும்பங்கள் தவணையைக் கட்டி நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டன. 1910 கணக்கெடுப்பின்போது தெற்கின் கறுப்பின விவசாயிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சொந்த நிலம் இருந்தது. பருத்தித் தோட்டங்கள் நெருங்கிக் கிடந்த கறுப்பு மண் பகுதிகளைவிட, வர்ஜீனியா போன்ற வட விளிம்பு மாநிலங்களில் அந்த விகிதம் மிக அதிகம்.