இதயச் சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர்? கேள்வி பதில்

பேஸ்மேக்கர் வயரை இதயத் தசைக்குள் பதிக்கும்போது ஆழத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறை) இதயத்தின் மின் சிக்னல் பார்க்கிற டெக்னீஷியன் நான், கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே. உங்கள் வீட்டு நோயாளியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவருடைய டாக்டர்தான்.

செல்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள் சார். வயர் நுனியில் திருகு இருக்குமாம். சுவரில் அடித்த ஆணி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுபோல ஆகிவிடாதா?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வலது கீழறையின் வெளிச்சுவர் பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அடி நுனியில் இன்னும் மெலிசு. ஆனால் திருகின் நீளமே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ரத்தக்குழாய் வழியாகப் போகும்போது அது வயருக்குள் ஒளிந்திருக்கும். இடத்துக்குப் போனதும் வெளி முனையில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டிச் சுற்றுவார்கள். எக்ஸ்ரே திரையில் நுனியருகே உள்ள அடையாளங்களின் இடைவெளி மாறினால் திருகு வெளியே வந்துவிட்டது என்று பொருள். சுற்று எண்ணிக்கையை மட்டும் நம்ப மாட்டோம். வயர் வளைந்திருந்தால் கூடுதலாகச் சுற்ற வேண்டிவரும்.

உண்மையில் ஓட்டை விழ வைப்பது பெரும்பாலும் திருகு இல்லை, அழுத்தம். வயருக்குள் விறைப்பாக ஒரு கம்பி இருக்கும். அதை முழுக்க உள்ளே வைத்துக்கொண்டு மெலிந்த நுனியில் தள்ளினால் ஆபத்து. அதனால் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். நுனியைத் தவிர்த்து இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள தடித்த இடைச்சுவரில் பதிப்பவர்களும் உண்டு. ஓட்டை விழுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வயதானவர்கள், ஒல்லியானவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் என்றால் கூடுதல் கவனம். அப்பா ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இம்ரான்: எக்ஸ்ரே வெறும் நிழல்தானே? உள்ளே பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நேராகப் பார்த்தால் இடைச்சுவரும் முன்சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேமராவை இடப்பக்கம் 30, 40 டிகிரி சாய்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆனாலும் எனக்குப் பெரிய ஆதாரம் சிக்னல்தான். திருகு தசையைக் கடித்த அந்த நொடியில், நுனியிலிருந்து வரும் அலையின் பின்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். செல்கள் காயப்பட்டதன் அடையாளம் அது. சில நிமிடங்களில் மெல்ல இறங்கும். இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவைப்படும் வோல்ட்டும் கூடவே குறையும். அலை தூக்கவே இல்லை என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வயர் வெறுமனே சாய்ந்து நிற்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். படமும் சிக்னலும் சண்டை போட்டால் நான் சிக்னல் பக்கம்.

கோகுல்: வயரே இல்லாத பேஸ்மேக்கரில் அண்ணா?

2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ராவில் திருகு கிடையாது. நிட்டினால் என்ற வளைந்து கொடுக்கும் உலோகத்தில் கொக்கிகள் நான்கு. பிடித்ததா என்று பார்க்க மெதுவாக இழுத்துவிட்டு எக்ஸ்ரேயில் கவனிப்பார்கள். குறைந்தது இரண்டு கொக்கிகளாவது அசைந்து வளைய வேண்டும். 2022-இல் வந்த அவெய்ர் மறுபடி திருகுக்கே போய்விட்டது.

டாக்டர் நிவேதா (இதயவியல் மாணவி): இடது கிளை பேசிங்கில் வேண்டுமென்றே ஆழமாகப் போகிறார்களே, எங்கே நிறுத்துவது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி மேடம். சீனாவின் வென்ஜோவில் ஹுவாங் குழுவினர் 2017-இல் முதலில் எழுதிய முறை. வலப்பக்கத்திலிருந்து இடைச்சுவரைத் துளைத்து, இடப்பக்க மின் கிளையை எட்ட வேண்டும். சுவரே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். கொஞ்சம் தாண்டினால் இடது கீழறை ரத்தத்துக்குள் நுனி நிற்கும்.

அதனால் நான்கைந்து சுற்று, ஒரு நிறுத்தம். ஈசிஜியில் வி1 என்ற நெஞ்சுப் பதிவில் அலை ஆரம்பத்தில் ஆங்கில டபிள்யூ மாதிரி இருக்கும். ஆழம் கூடக் கூட அதன் நடுமுள் வலப்பக்கம் நகர்ந்து, கடைசியில் சின்னதாக ஒரு மேடாக நிற்கும். சுற்றும்போதே தானாக வரும் துடிப்புகளும் அதே வடிவத்துக்கு மாறினால் கையை எடுங்கள். நான் ஓம் எண்ணை, அதாவது வயர் நுனியில் உள்ள மின் தடையை, சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். தசைக்குள் நுழையும்போது ஏறும், இடப்பக்கம் நெருங்கும்போது மெதுவாக இறங்கும். சடாரென 450-க்குக் கீழே விழுந்தாலோ காய அலை மறைந்தாலோ துளைத்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் அதே ஓட்டையில் கொஞ்சம் பின்வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுக்க எடுத்து வேறு இடம் பார்ப்பதே மேல். இடது கீழறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ரத்தக்கட்டி உருவானால் அது மூளைக்குப் போகலாம்.

ஆழத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: வயரைக் கொண்டுபோகும் உறை வழியாக, எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்து விட்டால் சுவரின் வலது விளிம்பு தெரியும். 3830 என்ற மாடல் வயரில் நுனிக்கும் அதற்குப் பின்னால் உள்ள உலோக வளையத்துக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர். வளையம் சுவரைத் தொட்டுவிட்டால் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பழனி: வீட்டுக்கு வந்தபின் திருகு தானாக இன்னும் உள்ளே போகுமா?

திருகு தானாகச் சுழலாது. ஆனால் உள்ளே வயர் தேவைக்கு மேல் தளர்வாகக் கிடந்து சுவரை அழுத்தினால், நாள் கழித்தும் துளைக்கலாம். மூச்சிழுத்தால் நெஞ்சு குத்துவது, நிற்காத விக்கல், வயிற்றுத் தசை துடிப்பது, பழைய மயக்கம் திரும்புவது, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம், தோலுக்கடியில் இருக்கும் பெட்டியைக் கையால் உருட்டி விளையாடாதீர்கள். வயர் அதில் சுற்றிக்கொண்டு, பதித்த இடத்தைவிட்டே வெளியே வந்துவிடும்.