ஜிஆர்இ சொல்வளம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: மேடம், வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன். சீனியர் ஒருவர் 3500 ஆங்கிலச் சொல் கொண்ட பட்டியலைக் கொடுத்திருக்கிறார். முழுக்கப் படித்தாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவ்வளவு நீளப் பட்டியல்கள் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்துக்கு உரியவை. 2011 ஆகஸ்டில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொல்லையும் வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பலில் (ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் பிரிவு) மொத்தமே 27 கேள்வி: முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம், அடுத்ததில் 15 கேள்விக்கு 23 நிமிடம். இதில் ஏறக்குறையப் பாதி பத்தி வாசிப்பு. மீதிப் பாதிக்கு அடிக்கடி வரும் ஆயிரம் சொற்களை நன்றாகப் பழகினால் போதும். 3500 சொல்லை மேலோட்டமாகப் பார்த்தவர்கள் தேர்வறையில் "எங்கேயோ பார்த்த சொல்" என்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன், நான்கு மாதம் இருக்கிறது. சொல் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலியில் தினம் எத்தனை சொல் போடலாம்?

பதில்: 12 முதல் 15. வாரத்தில் ஆறு நாள் புதுச்சொல், ஏழாம் நாள் பழையதைப் புரட்டுவது மட்டும். மூன்று மாதத்தில் ஆயிரத்தைத் தொட்டுவிடலாம். நான்காவது மாதத்தைப் பயிற்சித் தேர்வுகளுக்கு விடுங்கள். ஆங்கி தானாகத் தினம் 20 புது அட்டை தரும். முதல் நாளே அந்த எண்ணைக் குறையுங்கள். புது அட்டை கூடக்கூட, சில வாரங்களில் திரும்பிவரும் பழைய அட்டைகள் மலைபோல் குவியும். இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் செயலியைத் திறக்கவே மனம் வராது. பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு அட்டைக்கும் சொல் எவ்வளவு நினைவிருந்தது என்று ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்னொரு தவறு அதில் ஹார்ட் (கடினம்) பொத்தானில் நடக்கிறது. சொல் மறந்துபோனால் எகெய்ன் (மறுபடியும்) பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். மனம் கேட்காமல் ஹார்ட் அழுத்தினால், கஷ்டப்பட்டாவது நினைவுக்கு வந்தது என்று செயலி எடுத்துக்கொள்ளும்; அட்டையை மேலும் தள்ளிப்போடும். ஒரே அட்டை எட்டு முறை தவறினால் லீச் என்று குறிக்கும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்தச் சொல்லோடு குழம்புகிறது என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிராக எழுதுங்கள். வீனல் (லஞ்சத்துக்கு விலைபோகிற), வீனியல் (மன்னிக்கக்கூடிய சிறு தவறு) போன்ற ஜோடிகள் தனித்தனி அட்டையில் ஒருநாளும் தீராது.

கேள்வி: அக்கா, அர்த்தம் எல்லாம் தெரிகிறது. ஆனாலும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் (ஆறு விருப்பங்களில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) பாதி தப்பாகிறது. ஏன்?

பதில்: விருப்பங்களைப் பார்த்ததும் ஒத்த ஜோடியைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தேர்வு அமைப்பவர்களும் அதை எதிர்பார்த்தே பொறி வைப்பார்கள். ஒரு மாதிரி சொல்கிறேன். "மேடையில் ஓயாமல் முழங்கும் அந்தத் தலைவர், வீட்டில் வியப்பூட்டும் அளவுக்கு ______." விருப்பங்கள்: கேரலஸ், டேசிட்டர்ன், ஜோவியல், லொக்வேஷியஸ், ரெட்டிசென்ட், கேண்டிட். கேரலஸ், லொக்வேஷியஸ் இரண்டும் வாயாடியைக் குறிக்கும் அருமையான ஜோடி. ஆனால் தவறான விடை. "வியப்பூட்டும்" என்ற சொல் முன்பாதியைத் திருப்பிப்போடுகிறது, ஆகவே பேச்சு குறைந்தவர் என்ற பொருள் வேண்டும்: டேசிட்டர்ன், ரெட்டிசென்ட்.

ஆறு விருப்பங்களையும் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் வர வேண்டியதை முதலில் உங்கள் சொல்லில், தமிழிலேயே, நிரப்புங்கள். அப்புறம் கையை எடுங்கள். இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. ஒரே கேள்வியில் மூன்று கோடிட்ட இடங்கள் வந்தாலும் அதே விதி.

கேள்வி: கஷ்டமான சொல் வந்தால் சரியாகப் போடுகிறேன், சுலபமான சொல்லில் சறுக்குகிறேன்.

பதில்: தெரிந்த சொல்லின் தெரியாத பொருள் அது. குவாலிஃபை என்றால் தகுதிபெறுவது மட்டுமல்ல, ஒரு கூற்றுக்கு வரம்பு கட்டுவதும்தான். ஃப்ளாக் என்றால் தளர்வது, டெம்பர் என்றால் தணிப்பது, கேத்தலிக் என்றால் பரந்த ரசனையுள்ள. சாங்க்ஷன் அனுமதியையும் சொல்லும், தண்டனையையும் சொல்லும். இப்படி ஒரு ஐம்பது சொல்லுக்குத் தனி அட்டைக்கட்டு வையுங்கள். செலவிடும் நேரத்துக்கு இதைவிட நல்ல பலன் வேறெதிலும் கிடைக்காது.

கேள்வி: வேர்ச்சொல் படித்தால் போதாதா?

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். எனர்வேட் கேட்க எனர்ஜி போல இருக்கும், பொருளோ பலவீனப்படுத்துவது. ரெஸ்டிவ் என்பது ஓய்வல்ல, பொறுமையிழந்து நெளிவது.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவள் நான். தமிழில் அர்த்தம் எழுதிப் படிப்பது தவறா அக்கா?

பதில்: தாராளமாக எழுதுங்கள், ஆனால் அகராதித் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசும் தமிழில் எழுதுங்கள். ஈக்விவகேட் என்பதற்கு மழுப்புவது, ஆப்ஸீக்வியஸ் என்பதற்குக் கூழைக்கும்பிடு போடுகிற என்று எழுதினால் மறக்கவே மறக்காது. பாராட்டா இகழ்ச்சியா என்பதையும் தமிழ் அழகாகப் பிரித்துக் காட்டும்: ஃப்ரூகல் சிக்கனம், பார்சிமோனியஸ் கஞ்சத்தனம். அட்டையின் மூலையில் கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டுவிடுங்கள். கூடவே ஓர் ஆங்கில வாக்கியமும் கட்டாயம் இருக்கட்டும். சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதை அர்த்தம் மட்டும் சொல்லிக்கொடுக்காது.

கேள்வி: தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

பதில்: புதிதாக 200 சொல்லுக்கு மேல் தொடாதீர்கள். ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்ப்ரெப் பயிற்சித் தேர்வுகளில் ஒன்றை இந்த வாரமே எழுதுங்கள், மற்றதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியிலும் சொல் தெரியாமல் தவறியதா, வாக்கியத்தின் போக்கைப் பிடிக்காமல் தவறியதா என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது வகை கூடுதலாக இருந்தால் சொற்பட்டியலை மூடிவிட்டு, மிச்சமுள்ள நாட்களை வாக்கியப் பயிற்சிக்கே கொடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எதையும் காலியாக விட்டு வராதீர்கள்.