தாத்தா ஓட்டிய மூக்கு லாரியை மரத்தில் செய்ய…

கேள்வி: என் தாத்தா 1960-களில் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஓட்டினார். அந்த லாரிக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து மரத்தில் மாடல் செய்ய ஆசை. மாடியில் சின்னப் பட்டறை இருக்கிறது. கை டிரில், ஜிக்சா, உளி, இழைப்புளி எல்லாம் உண்டு. இந்த லாரிக்கு வரைபடம் எங்கே கிடைக்கும்? சக்கரம் செய்து வைத்தால் சில மாதத்தில் முட்டை வடிவமாகிவிடுகிறது, ஏன்? மூக்குப் பகுதியை எப்படிச் செதுக்குவது?
– வாசகர், சங்ககிரி

வரைபடத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் தாத்தாவின் லாரிக்கு முழு வரைபடம் என்று ஒன்று இருந்திருக்கவே வாய்ப்பில்லை. டாடாவின் டெல்கோ நிறுவனம் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954-ல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளைச் செய்த ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. முகப்பில் இருந்த பென்ஸ் நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ வந்தது. அந்த நாளில் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேஸும் (அடிச்சட்டம்) என்ஜினும் மூக்கும்தான் (என்ஜினை மூடி முன்னால் நீண்டிருக்கும் பானெட் பகுதி) வரும். கேபினும் பாடியும் ஊர்ப் பட்டறையில் ஆசாரி மரத்தில் கட்டுவார். லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரிக்காரருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே உங்கள் கையில் இருக்கும் படம்தான் வரைபடம்.

படத்திலிருந்து அளவு எடுக்க டயர் போதும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். டயர் ஓரத்தில் எண் தெரிந்தால் நல்லது. 9.00-20 என்றால் வெளி விட்டம் சுமார் 102 செ.மீ. 8.25-20 என்றால் சுமார் 97. எண் தெரியாவிட்டால் முதலாவதையே வைத்துக்கொள்ளுங்கள். தவறாகவே இருந்தாலும் வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். எல்லா அளவையும் டயரிலிருந்தே எடுப்பதால் லாரி முழுதும் ஒரே விகிதத்தில் கூடும், குறையும், கண்ணுக்குத் தெரியாது.

ஒன்று கவனியுங்கள். பாரத்தில் டயரின் அடிப்பக்கம் நசுங்கியிருக்கும். அதனால் மேலிருந்து கீழ் வரை அளக்காமல், நடு மையத்திலிருந்து மேல் விளிம்பு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். லாரி சாய்வாக நிற்கும் படமா? அப்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். சக்கரத்தின் உயரம் 20 மி.மீ., அகலம் 18 மி.மீ. என்று வந்தால், 18-ஐ 20-ஆல் வகுத்து வரும் 0.9-தான் உங்களுக்கு வேண்டிய எண். படத்தில் அளந்த நீளத்தையெல்லாம் 0.9-ஆல் வகுத்தால் உண்மையான நீளம் வரும். உயரத்தைத் தொட வேண்டாம். மிகக் கிட்டத்தில் நின்று எடுத்த படமாக இருந்தால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு நடுவில் ஓர் அளவை வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் உயரம் வீட்டில் யாருக்காவது தெரியுமென்றால், கணக்கைச் சரிபார்க்க அதுவும் உதவும்.

அளவு 1:16 வையுங்கள். ஏழு மீட்டர் லாரி ஏறக்குறைய 44 செ.மீ. வரும், டயர் 64 மி.மீ., அகலம் 16 மி.மீ. இதைவிடச் சின்னதாகப் போனால் கேபின் சட்டங்கள் தீக்குச்சி போல மெலிந்து உளிக்கு நிற்காது.

சரி, சக்கரம். உங்கள் வேலையில் குறை இல்லை, மரத்தின் குணம் அது. மரம் காயும்போது ரேகை (மரத்தின் நார்வரி) ஓடும் வாக்கில் அநேகமாகச் சுருங்காது; குறுக்கே சுருங்கும். ஒரே பலகையில் வெட்டிய வட்டு ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கித்தான் போகும். 8 மி.மீ. பலகை இரண்டை ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி ஃபெவிகால் போட்டு, கிளாம்பில் ஒரு நாள் இறுக்கி வையுங்கள். அதற்கப்புறம் ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் பல்) வெட்டுங்கள். ஹோல் சாவில் எழுதியிருப்பது துளையின் அளவு. உள்ளே கிடைக்கும் வட்டு சில மில்லிமீட்டர் குறையும். முதலில் வீண் பலகையில் ஒன்று வெட்டி அளந்து பாருங்கள். நடுத் துளையில் போல்ட்டும் நட்டும் போட்டு டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளைப் பிடித்தால் ஓரம் உருண்டுவிடும். டிரில்லை மேசையோடு கட்டிவிட்டே இதைச் செய்யுங்கள். பின்னால் பக்கத்துக்கு இரட்டையாக நாலு சக்கரம், முன்னால் இரண்டு, ஸ்டெப்னி ஒன்று, ஆக ஏழு. ஒன்பதாக வெட்டி நல்லதாக ஏழைப் பொறுக்குங்கள்.

சக்கரத்துக்கும் மூக்குக்கும் வெப்பாலை கிடைத்தால் விடாதீர்கள். சன்னபட்டணா பொம்மை கடைவது அதில்தான். ரேகை நெருக்கமாக, வெளிறி இருக்கும். கிடைக்காவிட்டால் பூவரசு. சேஸுக்கும் பாடிக்கும் பர்னிச்சர் கடையில் விழும் தேக்குத் துண்டுகளே தாராளம்.

மூக்கை ஒரே கட்டையில் குடையப் பார்க்காதீர்கள்; ஜிக்சா அவ்வளவு கனத்தில் வளைந்துவிடும். 12 மி.மீ. பலகைகளை நிற்க வைத்து, நீளவாக்கில் ஒட்டுங்கள். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒட்டினால் சரியாக நடுவில் ஒரு ஒட்டுக்கோடு விழும். அந்தக் கோடுதான் கடைசி வரை வழிகாட்டி. பக்கவாட்டு வடிவத்தை ஒவ்வொரு பலகையிலும் ஒட்டும் முன்பே ஜிக்சாவால் வெட்டிவிடலாம். ஓரப் பலகையைக் கொஞ்சம் தாழ்வாக வெட்டினால் பானெட்டின் உருட்சி பாதி வந்துவிடும். மீதிக்கு அரமும் உப்புத்தாளும். அட்டையில் பாதி வடிவம் மட்டும் வெட்டி, நடுக்கோட்டில் வைத்து இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்ணை நம்பினால் ஒரு பக்கம் கன்னம் உப்பிவிடும்.

மட்கார்டுதான் சோதனை. பலகையில் வளைவாக அறுத்தால், ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் நுனி பட்டென்று உடையும். மெல்லிய வெனீரை (தாள் போலச் சீவிய மரத்தகடு) நாலு பட்டையாக வெட்டி, வெந்நீரில் நனைத்து, டயரைவிடச் சற்றுப் பெரிய மரவட்டின் மேல் வளைத்துக் கட்டிக் காயவையுங்கள். காய்ந்ததும் அதே வட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி இறுக்குங்கள். வட்டுக்கும் வெனீருக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைக்க மறந்தால் எல்லாம் ஒரே கட்டையாகிவிடும்.

சேஸின் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடித்து ஆக்சில் துளையை ஒரே தடவையில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில்தான். சட்டங்களைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து ஒட்டினால் முறுக்கு விழாது.

பாடியை ஆசாரி கட்டிய மாதிரியே கட்டுங்கள்: குறுக்குக் கட்டை, அதன் மேல் தரைப்பலகை, நிற்கும் கால்கள், பக்கப் பலகைகள். மாடலில் உண்மையான லாரியின் பொருளாலேயே செய்யக்கூடிய பகுதி இதுவும் கேபினும்தான், அவசரப்படாதீர்கள்.

பெயின்ட் அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்னைக் கேட்டால் வேண்டாம். 120, 180, 240 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், சேண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளையை அடைக்கும் பூச்சு), மேலே அரக்கு பாலிஷ் போதும். ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைத்த இடங்கள் மட்டும் பாலிஷ் குடிக்காமல் திட்டாகத் தெரியும். அதனால் இணைப்பிலேயே இடைவெளி விடாதீர்கள். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், மாஸ்க் போடுங்கள். பாலிஷ் முழுக்கக் காய்ந்த பிறகே சக்கரத்தை மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஆக்சில் ஒட்டிக்கொண்டு உருளாது.